இணைப்பு: இல்லை

இந்தப் பக்கம் வந்துடுங்க சார். அந்த ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. கல்லு உடைக்கற கிரஷர் ரோடு வந்ததும் புழுதி மொத்தமும் உங்க சட்டை மேலதான் வந்து உக்காரும். மாசம் ரெண்டு தடவை போறவன், அதனால சொல்றேன்.

கல்மேடு குடியிருப்புக்குத்தானே? ஸ்கூலுக்கா? தமிழ் வாத்தியாரா, சரி சரி. அப்போ ரெண்டு பேருக்கும் கடைசி ஸ்டாப். இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் இருக்கு. நடுவுல டிரைவர் டீ குடிக்க எறங்கினா ஒண்ணரை.

எனக்கு அங்க சொந்தம் யாரும் இல்ல. தெரிஞ்சவங்க. நாப்பத்தி மூணு குடும்பம், எங்க ஊர்ல இருந்து கொண்டுவந்து விட்டது. எங்க ஊர் ஈச்சந்தாங்கல். பைபாஸ்ல போறப்போ வலது கைப் பக்கம் எட்டு பில்டிங் வரிசையா நிக்கும் பாருங்க, ஒவ்வொண்ணும் பதினாலு மாடி, அதுக்குப் பின்னாடி. முன்னாடி அந்த எட்டும் கிடையாது. கோரையும் தண்ணியும்தான் இருந்துச்சு. அந்தக் கதைதான் சார் எல்லாம்.

என் பேரு தணிகாசலம். ரிட்டயர்டு ஹெட் கிளார்க். எந்த டிபார்ட்மெண்ட்னு சொல்லி இனி ஒண்ணும் ஆகப்போறதில்ல. முப்பத்தி நாலு வருஷம் தபால் செக்‌ஷன். வர்ற தாளுக்கு நம்பர் போடறது, போற தாளுக்கு நம்பர் போடறது, கீழ 'இணைப்பு'ன்னு போட்டிருக்கே, அதை எண்ணிப் பாக்கறது. இணைப்பு மூணுன்னு எழுதிட்டு ரெண்டு வச்சிருந்தா அந்தத் தாள் என் மேஜையைத் தாண்டாது. கலெக்டரே கையெழுத்து போட்டிருந்தாலும் தாண்டாது. அப்படி ஒரு பேர் எனக்கு. ரிட்டயர் ஆனதும் மகாலட்சுமி நகர்ல வீடு கட்டினேன். எழுதத் தெரிஞ்சவன்னு சொல்லி குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு என்னைச் செயலாளராப் போட்டாங்க.

தாங்கல்னா சின்ன ஏரி. மேட்டுல இருந்து வர்ற மழைத் தண்ணி வந்து தங்குற இடம். எங்க நகர் தாங்கலுக்குள்ள இல்ல சார், ஓரத்துல. இதை நிறைய பேர் தப்பா சொல்றாங்க. ஓரம் வேற, தாங்கல் வேற. எங்களுக்கு அப்ரூவல் இருக்கு, சீல் வச்ச வரைபடம் இருக்கு. எங்களுக்குக் கீழ, பள்ளத்துல, ஒரு தெரு. புல்லுக்காரத் தெரு. தாங்கல்ல புல் அறுத்து மாட்டுக்காரங்களுக்குப் போடறவங்க. நாப்பத்தி மூணு வீடு. பட்டா கிடையாது. கரண்ட் பில் உண்டு, ஓட்டு உண்டு.

அஞ்சலாட்சி அந்தத் தெருதான். அவளைப் பாக்கத்தான் போறேன்னு வச்சுக்குங்களேன்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி பேப்பர்ல ஒரு அறிவிப்பு வந்துச்சு. ஈச்சந்தாங்கல் மேல்பாதியில அடுக்குமாடி குடியிருப்பு வரப்போவுது, ஆட்சேபணை இருக்கறவங்க எழுதிக் குடுக்கலாம், கருத்துக் கேட்புக் கூட்டம் இன்ன தேதின்னு. மேல்பாதி எப்போ தனியார் கைக்குப் போச்சு, எப்படிப் போச்சு, அதெல்லாம் என்னைக் கேக்காதீங்க. போயிருந்துச்சு.

நகர்ல எல்லாரும் கொதிச்சுட்டாங்க. ஒருத்தர் போர்ல தண்ணி எறங்கிடும்னார். ஒருத்தர் பறவை எல்லாம் வராதுன்னார். மாடி வீட்டு கஜபதி, அவருக்குக் காத்து போயிடும்னு கவலை. எல்லாம் நியாயம்தான். ஆனா ஆளாளுக்கு ஒண்ணு எழுதினா என்ன ஆகும்? நான் அந்தப் பக்கம் உக்காந்து பாத்தவன் சார். பத்து மனு பத்து மாதிரி வந்தா ஆபீசர் என்ன பண்ணுவான் தெரியுமா, இவனுங்களுக்குள்ளயே ஒத்துப்போகலன்னு ஒரு வரி எழுதி மூடிடுவான். அதனால ஒரே மனு, ஒரே வாசகம். பேரும் கதவு எண்ணும் மட்டும் காலியா விட்டு, ஜெராக்ஸ் போட்டு, ஆளுக்கு ஒண்ணு குடுத்துடலாம்னு சொன்னேன். கை தட்டினாங்க.

நாலு நாள் உக்காந்து எழுதினேன். ஏழு அம்சம். பறவை பேரெல்லாம் எனக்குத் தெரியாது, வெள்ளையா இருந்தா கொக்கு. 'அரியவகைப் பறவையினங்கள்'னு போட்டேன். கஜபதி காத்தை 'இயற்கையான காற்றோட்டம்'னு போட்டேன். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. இப்பவும் அந்த மனுவைப் படிச்சா நல்லாத்தான் இருக்கு சார். பொய் சொல்லல.

அப்போதான் அஞ்சலாட்சி வந்தா. வீட்டு கேட்டுக்கு வெளியவே நின்னுக்கிட்டு, "சார், எங்க தெருவுக்கும் மனு உண்டா?"ன்னு கேட்டா. உண்டும்மா, எல்லாருக்கும் உண்டு, கையெழுத்து போடத் தெரியுமான்னேன். "எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன் சார்"ன்னா. சொல்லிட்டு ஒரு கம்பியை நீட்டினா. கடையில பில் குத்தி வைப்பாங்களே, கீழ கட்டை வச்சு, அந்தக் கம்பி. அதுல நிறைய தாள் குத்தியிருக்கு. தினசரி காலண்டர் தாள் சார். கிழிச்சுப் போடுவோமே, அது.

முன்பக்கம் தேதி, ராகு காலம், நல்ல நேரம். பின்பக்கம் பென்சில்ல அவ எழுத்து. ஒண்ணைப் புரட்டினேன். 'விடிய விடிய மழை. தெருவுல தண்ணி இல்ல. தாங்கல் குடிச்சிடுச்சு.' இன்னொண்ணு. 'மூணு நாளா பெரும் மழை. தண்ணி வரல. தாங்கல் குடிச்சிடுச்சு.' எப்பவோ ஒரு தாள்ல, 'மழை. முதல் படி நனைஞ்சுது. ரெண்டு நாள்ல வடிஞ்சுது'ன்னு இருக்கும். பதினோரு வருஷத்துத் தாள். காலையில காலண்டர் கிழிக்கறப்போ முந்தின நாள் பலத்த மழை பெஞ்சிருந்தா எழுதிக் குத்தி வச்சுடுவாளாம்.

நான் கேட்டேன். "ஏம்மா, தண்ணி வந்ததை எழுதின, சரி. வராததை எதுக்கு எழுதி வச்சிருக்க?"

"மழை பெஞ்சா எழுதுவேன் சார். வந்தாலும் எழுதுவேன், வரலன்னாலும் எழுதுவேன். அப்போதானே எது எதனாலன்னு தெரியும்" அப்படின்னா.

சிரிச்சேன். கிண்டலா இல்ல, சும்மாதான். குடுத்துட்டுப் போ, பாத்துச் சேத்துக்கறேன்னு வாங்கி ஃப்ரிட்ஜ் மேல வச்சேன். சேத்தேன் சார், சேக்காம இல்ல. அஞ்சாவது அம்சம் அவளுதுதான். 'மழைக்காலங்களில் தாழ்வான பகுதிகளில் நீர் தேங்க வாய்ப்புள்ளது.' பதினோரு வருஷத்தையும் ஒரே வரியில கொண்டுவந்துட்டேன். தாளை இணைக்கல. இணைச்சா ஒரு மனு மத்த மனு மாதிரி இருக்காது. அப்புறம் காலண்டர் தாளு, பென்சிலு, அதுல ராகு காலம் வேற. அதை ஒரு ஆபீசர் மேஜையில எப்படி வைப்பீங்க? அதனால எல்லா மனுவிலயும் கீழ 'இணைப்பு: இல்லை'ன்னு அச்சடிச்சாச்சு. இருநூத்திப் பன்னெண்டு மனு. ஒண்ணுல அஞ்சலாட்சி கையெழுத்தும் இருக்கு. அழகா, முழுப் பேரா போட்டிருந்தா.

கூட்டம் கல்யாண மண்டபத்துல நடந்துச்சு. ஆடி மாசம், மண்டபம் சும்மாதானே கிடக்கும். முன் வரிசையில உறை போட்ட நாற்காலி, மணமக்கள் மேடையில அதிகாரிங்க. கம்பெனிக்காரங்க திரை கட்டி படம் காட்டினாங்க. பச்சைப் பசேல்னு மரம், நடுவுல குளம், குளத்துல வாத்து. எங்க ஆளுங்கள்லயே ரெண்டு பேர், நல்லாத்தான் இருக்குன்னு காதுல சொன்னாங்க. நான் எழுந்து போய் இருநூத்திப் பன்னெண்டையும் ரெண்டு கட்டா, சிவப்பு நாடா போட்டு மேடையில வச்சேன். மொத்தமும் ஒரே அளவு, ஒரே எழுத்து. அன்னிக்கு எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு சார். மறைச்சு என்ன.

அந்த அதிகாரி சின்ன வயசு. மேல ஒண்ணை எடுத்துப் படிச்சார். நடுவுல இருந்து ஒண்ணை உருவிப் படிச்சார். அப்புறம் மைக்குல கேட்டார். "தண்ணி தேங்கும்னு எழுதியிருக்கீங்க. எந்த வருஷம், எந்த மாசம், எவ்வளவு மழைக்கு எவ்வளவு தண்ணி, யாருகிட்டயாவது எழுத்துல விவரம் இருக்கா? இருந்தா இப்பவே குடுக்கலாம். நான் பதிவு பண்ணிக்கறேன்."

பின்னாடி திரும்பிப் பாத்தேன். அஞ்சலாட்சி பாதி எழுந்து நிக்கறா. நேரா என்னைத்தான் பாக்கறா. கம்பி எங்க ஃப்ரிட்ஜ் மேல இருக்கு. ஸ்கூட்டர்ல போனா அஞ்சு நிமிஷம்.

கையால உக்காரச் சொன்னேன். இப்படி, சும்மா லேசா. உக்காந்துட்டா. நான் மைக்கை வாங்கி, "அனைத்து விவரங்களும் மனுவிலேயே உள்ளன ஐயா"ன்னு சொன்னேன்.

அவ எழுந்து எதையாவது சொல்லப்போய், எங்க ஏழு அம்சமும் குழம்பிப் போயிடுமேன்னுதான். பேசத் தெரியாதவங்களை மைக்குல விட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். என் சம்சாரம் லோகநாயகி அன்னிக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்தா. வீட்டுக்கு வந்து, "அவளைப் பேச விட்டிருக்கலாம்ல"ன்னு ஒரே ஒரு தடவை சொன்னா. அவளுக்கு ஆபீஸ் நடைமுறை தெரியாது.

ஆணை வந்தது கார்த்திகையில. பதினெட்டு பக்கம். எங்க விஷயம் பதினாலாம் பக்கத்துல, ரெண்டாவது பத்தி. எனக்கு மனப்பாடம். 'பெறப்பட்ட 212 மனுக்களும் ஒரே வாசகத்தில் அமைந்துள்ளதால் ஒரே ஆட்சேபணையாகக் கொள்ளப்படுகிறது. குறிப்பான விவரமோ இணைப்போ ஏதுமில்லை. உரிய வடிகால் அமைப்பதாக நிறுவனம் உறுதியளித்துள்ளது.' அவ்வளவுதான். நல்லா எழுதியிருந்தான் சார். ஒரு வார்த்தை கூடுதல் இல்ல.

இருநூத்திப் பன்னெண்டும் ஒண்ணு. அதைப் படிச்சதும் கோவம் வரும்னு உக்காந்து பாத்தேன். வரல. ஆணையை மடிச்சு ஃபைல்ல வச்சு, மேல தேதி போட்டேன். போய் காபி குடிச்சேன்.

டீக்கு நிறுத்துறான் பாருங்க. நீங்க எறங்கலையா? நானும் எறங்கல. முட்டி வலி.

அப்புறம் லாரி. நாள் முழுக்க செம்மண் லாரி. தாங்கல் மேல்பாதியை ரெண்டு ஆள் உயரத்துக்குத் தூக்கினாங்க. கோரையெல்லாம் போச்சு. புல்லுக்காரத் தெரு ஆளுங்க மிச்சம் இருந்த ஓரத்துல அறுத்தாங்க. அஞ்சலாட்சியை வழியில பாத்தா, "கம்பி பத்திரமா இருக்கா சார்?"னு கேப்பா. இருக்கும்மான்னு சொல்வேன். இருந்துச்சு.

போன வருஷம் ஐப்பசியில நாலு நாள் மழை. பெரிய மழை கூட இல்ல. அதைவிட எத்தனையோ பெருசு பாத்தாச்சு. ஆனா தண்ணி போக எடம் இல்ல. தாங்கலுக்கு வரவேண்டிய தண்ணி அந்தச் செம்மண் மேட்டுல முட்டித் திரும்பி பள்ளத்துக்கு வந்துச்சு. எங்க வீட்டுல முட்டி வரைக்கும். ஃப்ரிட்ஜ் மிதந்துச்சு. கம்பியை முன்னாடியே பரண்ல ஏத்திட்டேன், ஒரு தாள் நனையல. புல்லுக்காரத் தெருவுல கூரை வரைக்கும். மனுஷ உயிருக்கு ஒண்ணும் இல்ல. அஞ்சலாட்சியோட ஆடு ஆறு போச்சு. கட்டி வச்ச கயிறோடவே கிடந்துச்சு. தெரு ஆளுங்களைக் கொண்டுபோய்த் தங்க வச்சதும் அதே கல்யாண மண்டபம். நான் பிஸ்கட் பாக்கெட் எடுத்துட்டுப் போனேன். கூட்டத்தன்னிக்கு உக்காந்த அதே தூண் பக்கத்துல அஞ்சலாட்சி உக்காந்திருந்தா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. ரெண்டு பாக்கெட் வாங்கிக்கிட்டா.

கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பேன். கேக்கல.

எனக்கு மனசு கேக்கல சார். இந்தத் தடவை அவ தாளை முறைப்படி குடுத்துடணும்னு முடிவு பண்ணேன். மழை வெள்ளச் சேதம் பத்தி ஆவணம் இருந்தா குடுங்கன்னு தாலுகா ஆபீஸ்ல கேட்டிருந்தாங்க. கம்பியில இருந்து எல்லாத்தையும் உருவினேன். தேதி வாரியா அடுக்கினேன். நூத்திப் பதிமூணு தாள். அதுல தண்ணி வந்த தாள் ஒம்போதுதான் இருந்துச்சு. பாக்கி நூத்தி நாலுலயும் மழை, தண்ணி இல்ல, மழை, தண்ணி இல்ல, தாங்கல் குடிச்சிடுச்சு, இதேதான். ஆபீஸ்ல நில் ரிப்போர்ட்டுன்னு ஒண்ணு உண்டு சார். ஒண்ணும் நடக்கலன்னு வர்ற அறிக்கை. அது மேல போகாது. தபால் செக்‌ஷன்லயே ஒதுக்கி ஒரு கட்டா கட்டிடுவோம். முப்பத்தி நாலு வருஷம் அதை ஒதுக்கினவன் நான். கை தானா ஒதுக்கிடுச்சு.

ஒம்போது தாளையும் வெள்ளைத் தாள்ல ஒட்டி, பக்க எண் போட்டு, பொருளடக்கம் வச்சு, நூல் கோத்து, முகப்புக் கடிதம் எழுதினேன். 'இணைப்பு: 9'. வாழ்க்கையில நான் அனுப்பினதுலயே சுத்தமான ஃபைல் அதுதான். ஒப்புகைச் சீட்டு வாங்கினேன். பர்ஸ்லயே இருக்கு, பாக்கறீங்களா? வேணாம், சரி.

அஞ்சலாட்சிகிட்ட போய்ச் சொன்னேன், உன் தாளைக் குடுத்தாச்சும்மான்னு. "எல்லாத்தையுமா சார்?"னு கேட்டா. தேவையானதை எல்லாம்னேன். மொகம் கொஞ்சம் தெளிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு.

ரெண்டு மாசத்துல புல்லுக்காரத் தெரு சுவத்துல நோட்டீஸ் ஒட்டினாங்க. தெருவே நீர்நிலை ஆக்கிரமிப்பு, காலி பண்ணணும், கல்மேட்டுல வீடு ஒதுக்கியிருக்குன்னு. அதுல ஒரு வரி வந்துச்சு. 'மேற்படி பகுதி தொடர்ந்து நீர் சூழும் பகுதி என்பது குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர் அளித்த ஒன்பது ஆவணங்களால் உறுதியாகிறது.' பேரு போடல. பதவிதான் போட்டிருந்தாங்க. தெருவுல எல்லாரும் சுத்தி நின்னுட்டு என்னைப் படிக்கச் சொன்னாங்க. எழுத்து பொடிசு, நோட்டீஸ் உயரத்துல இருந்துச்சு. நான்தான் சத்தமாப் படிச்சேன். அந்த வரியையும் படிச்சேன். நடுவுல நிறுத்த முடியல.

அஞ்சலாட்சி கேட்டா. "ஒம்போதா சார்?"

ஆமாம்மான்னேன்.



தை பதினெட்டு, லாரி வந்துச்சு. செம்மண் அடிச்ச லாரிதான், அதே கம்பெனியோடதான்னு கஜபதி சொன்னார், நான் சரியாப் பாக்கல. பாத்திரம், பீரோ, தையல் மெஷின், எல்லாம் ஏறிச்சு. பதினாலு மாடி நிக்குது, அதுக்கு அனுமதி இருக்கு. எங்க நகர் நிக்குது, எங்களுக்கும் இருக்கு. தெரு போச்சு. இப்போ அங்க நடைபாதை போட்டிருக்காங்க, காலையில நடக்க. எங்க நகர் ஆளுங்களும் நடக்கறாங்க. சங்கத்துல நன்றி தெரிவிச்சு ஒரு கடிதம் எழுதச் சொன்னாங்க. எழுதினேன்.

பல்லு புடுங்க ஊசி போடுவாங்களே சார், கன்னத்தைத் தொட்டா வேற யாரோட கன்னத்தையோ தொடற மாதிரி இருக்கும். அப்படித்தான் இருக்கு. ஆறு மாசம் ஆச்சு. அழுகை வந்தா தேவலன்னு தோணும். வராது. சாப்பிடறேன், பேப்பர் படிக்கறேன், மாசம் ரெண்டு தடவை இந்த பஸ்ல ஏறறேன். லோகநாயகி ஊறுகாய் குடுத்து விடுவா, இந்தப் பையில இருக்கு. அதைக் கொண்டுபோய்க் குடுப்பேன். அஞ்சலாட்சி டீ போட்டுக் குடுப்பா. ரெண்டாவது மாடி, ஒரு ரூம். அங்க புல் ஏது, எல்லாம் பாறை. அவ வூட்டுக்காரர் கிரஷருக்குப் போறார். அவ சும்மா இருக்கா. காலண்டர் மாட்டியிருக்கா, எங்க நகர் மளிகைக் கடையில குடுத்ததுதான். கிழிக்கல. தை பதினெட்டுலயே நிக்குது. நானும் ஏன்னு கேக்கல. டீ குடிச்சுட்டு நாலரை பஸ்ஸைப் புடிச்சுடுவேன்.

ஆனா இன்னிக்குச் சும்மா போகல சார். ஒரு வேலையாப் போறேன். அப்பீல் இருக்கு. மேல ஒரு குழு போட்டிருக்காங்க, இந்த மாதிரி காலி பண்ணினவங்க குறையைக் கேக்க. வர்ற வெள்ளிக்கிழமை கடைசி நாள். போன வாரம் நானே நேர்ல போய் விசாரிச்சேன். அங்க இருந்த அதிகாரி மரியாதையாத்தான் பேசினார். "அந்தத் தெரு வழக்கமா தண்ணி நிக்காத இடம், மேல மண்ணைக் கொட்டின அப்புறம்தான் தண்ணி வந்துச்சுன்னு காட்டுங்க. காட்டிட்டா ஆக்கிரமிப்புன்னு சொன்னது நிக்காது. திரும்ப அங்கயே இடம் குடுக்கச் சொல்லி எழுதலாம். ஆனா வாயால சொன்னா பத்தாது, பழைய ஆதாரம் வேணும்" அப்படின்னார்.

ஆதாரத்துக்கு எங்க சார் போறது? இருந்த ஒம்போதையும் குடுத்தாச்சு. அது அவங்க ஃபைலுக்குள்ள போயிடுச்சு, திரும்ப வராது. பழைய போட்டோ யாருகிட்டயாவது இருக்குமான்னு நகர் பூரா கேட்டுட்டேன். பிறந்த நாள் போட்டோ, காது குத்து போட்டோ, அதுதான் இருக்கு. தெரு இருக்கற போட்டோ யாரு எடுத்து வைப்பா?

இருந்தாலும் விடல. எழுதிட்டேன். இதோ பாருங்க, நாப்பத்தி மூணு. குடும்பத்துக்கு ஒண்ணு. இந்தத் தடவை ஒரே வாசகம்னு தள்ளக்கூடாதுன்னு மூணு மாதிரி எழுதியிருக்கேன். முதல் பதினஞ்சு ஒரு மாதிரி, அடுத்த பதினஞ்சு பத்தியை மாத்திப் போட்டிருக்கேன். அனுபவம்தானே சார். பேரையும் பழைய கதவு எண்ணையும் அவங்க எழுதினா போதும்.

என்ன பாக்கறீங்க? அந்த ரப்பர் பேண்ட் போட்ட கட்டா? அது அவளுது. மிச்சத் தாள். நூத்தி நாலு. பரண்ல சும்மா கிடந்துச்சு. ஆளே இங்க வந்தாச்சு, அவ பொருள் என் வீட்டுல எதுக்கு, திருப்பிக் குடுத்துடலாம்னு எடுத்துட்டு வந்தேன். கம்பியும் இருக்கு பைக்குள்ள, குத்திடாம பாத்து. பிரிச்சுப் பாக்கறதுன்னா பாருங்க, ஒண்ணும் இருக்காது அதுல. தண்ணி இல்ல, தண்ணி இல்ல, தண்ணி இல்ல, அவ்வளவுதான்.

கிரஷர் ரோடு வந்தாச்சு. மூக்கைப் பொத்திக்குங்க.

மனுவைப் பாருங்க சார், இந்த வெளிச்சத்துல படிக்க முடியுதா? கடைசி வரியில 'இணைப்பு: இல்லை'ன்னு போட்டிருக்கேன். இல்லாததை இருக்குன்னு போட முடியாது பாருங்க.

அதையே ஏன் சார் புரட்டிட்டு இருக்கீங்க? அது வெறும் காலண்டர் தாளு. அதைக் கீழ வச்சுட்டு இதைப் படிங்க. நீங்க தமிழ் வாத்தியாரு. தப்பு ஏதாவது இருந்தா சொல்லுங்க.